அவகாசம் அளிக்கத் தேவையில்லை

தினேஷ்,

நீ கிளம்பிப் போய் ஆறு நாள் ஆகிறது. இதைப் போனில் சொல்லத்தான் முதலில் நினைத்தேன். போன் என்றால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்வேன், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இருபத்தெட்டு வருடம் அடுத்தவர்கள் விஷயத்தில் குறிப்பு எழுதிப் பழகிய கைக்குச் சொந்த விஷயம் எழுத வரவில்லை. நான்கு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இதையாவது கிழிக்காமல் முடிக்க வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை உன் நண்பர்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாய். சாப்பிட்டு முடித்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, அந்தக் கண்ணாடி போட்ட பெண், உனக்குக் கிடைத்திருப்பது என்ன வேலை என்று கேட்டாள். மாநிலம் முழுக்க இருக்கிற சின்னச் சின்ன கிளினிக்குகளுக்கெல்லாம் புதிதாகத் தர விதிகள் கொண்டுவரப் போகிறார்கள், அதை எழுதுகிற குழுவில் என்னையும் எடுத்திருக்கிறார்கள் என்று சொன்னாய். அதோடு விட்டிருக்கலாம். என் தோளில் கை போட்டுக்கொண்டு, "எங்கம்மா அந்த ஹெல்த் டிபார்ட்மென்ட்லதான் இருந்து ரிட்டயர் ஆனாங்க. வெளியாளுங்க வாங்கித் தர்ற டீ கூட குடிச்சதில்ல. அவங்க நேர்மைய அப்படியே விதியா எழுதிட்டாப் போதும், நாடு நல்லாயிடும்" என்றாய். எல்லாரும் கை தட்டினார்கள். நான் பாயசத்தைப் பார்க்கிற மாதிரி சமையலறைக்குள் போய்விட்டேன். பாயசம் எப்போதோ காலியாகியிருந்தது. வெறும் பாத்திரத்தைக் கரண்டியால் கிளறிக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் உங்கள் குழு எழுதிய முதல் வரைவைக் கொடுத்து, படித்துவிட்டுச் சொல்லும்மா என்றாய். படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். அறை இத்தனை அடி, காத்திருக்க இத்தனை இடம், சாய்தளம், தனிக் கழிவறை, எந்த நேரமும் ஒரு டாக்டர். இல்லாத இடத்தை மூடலாம். உன்னிடம், "ஏழைங்க போற இடம்டா இதெல்லாம், மூடிட்டா எங்க போவாங்க?" என்று மட்டும் கேட்டேன். "ஏழைங்கன்னா மட்டமான இடத்துக்குத்தான் போகணுமாம்மா? அவங்களுக்கும் தரம் உரிமைதானே?" என்று திருப்பிக் கேட்டாய். எனக்குப் பதில் தெரியும். ஆனால் அந்தப் பதில் ஒரு ஆளின் காலில் இருக்கிறது. அந்த ஆளைப் பற்றிச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

மாமல்லபுரத்தில், சிற்பப் பட்டறைகளுக்குப் பின்னால் போகிற சந்தில் இருந்த இரண்டு அறை கிளினிக் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஏழாவது படிக்கும்போது கடற்கரைப் பாறையில் வழுக்கி விழுந்து தாடை பிளந்துகொண்டது. உன் அப்பா சட்டையைக் கழற்றி உன் முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஒரு மீன்காரம்மா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அங்கேதான் விட்டாள். திருக்கழுக்குன்றத்திலிருந்து வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸில் வருகிற வயதான டாக்டர் ஒருவர் தையல் போட்டார். உன் தலையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு, "தோ ஆச்சு நைனா, தோ ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் கிருபா சிஸ்டர். அன்றைக்கு அந்த அறையின் நீள அகலம் என் கண்ணில் படவில்லை. தரை துடைத்துச் சுத்தமாக இருந்ததும், கத்தரிக்கோல் வெந்நீரில் கொதித்துக்கொண்டிருந்ததும்தான் கண்ணில் பட்டது.

அந்த இடத்தை யாரும் லாபத்துக்காக நடத்தவில்லை. பட்டறைக்காரர்களும் குப்பத்துக் குடும்பங்களும் மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, வாடகைக்கு இரண்டு அறை பிடித்து, சிஸ்டருக்குச் சம்பளம் கொடுத்து, டாக்டரை வரவழைத்தார்கள். கண்ணில் கல் தூசி விழுந்தால், கையில் தூண்டில் முள் ஏறினால், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அங்கே போவார்கள். அங்கே முடியாததைச் சிஸ்டர் உடனே வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார். எங்கே போக வேண்டும், எது தேவையில்லை என்றும் சொல்லி அனுப்புவார். அரசாங்கம் அவர்களுக்கு ஒரு ஆணிகூட அடித்துக் கொடுத்ததில்லை. அவர்களும் கேட்டதில்லை.

அதே ஊருக்குப் போகிற பெரிய ரோட்டில் நான்கு மாடி தனியார் மருத்துவமனை ஒன்று இருந்தது. அதன் முதலாளியும் டாக்டர்தான். சிஸ்டர், "இதுக்கெல்லாம் ஸ்கேன் வேணாம், ரெண்டு நாள் பாரு" என்று சொல்லி அனுப்புகிற ஆட்கள் எல்லாம் அவருக்கு வராமல் போன ஆட்கள். நீ பத்தாம் வகுப்பு முடித்த வருடம், அந்தச் சந்து கிளினிக் மேல் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு புகார் வந்தது. பெயர் போடாத புகார். ஆனால் எந்தப் பிரிவின் கீழ் எது குறைகிறது என்று அத்தனை சுத்தமாக டைப் அடித்திருந்தது. கல் செதுக்குகிறவனுக்கும் மீன் விற்கிறவளுக்கும் அந்தப் பிரிவு எண்ணெல்லாம் தெரியாது. யார் அனுப்பியிருப்பார் என்று படித்த உடனே எனக்குப் புரிந்தது.

இரண்டு நாள் கழித்து அந்த டாக்டரே எனக்குப் போன் செய்தார். வேறு ஏதோ புதுப்பித்தல் விஷயம் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். பேச்சோடு பேச்சாக, "பையன் டென்த் முடிச்சிருக்கானாமே மேடம், எங்க சேக்கறீங்க?" என்றார். நான் ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லி, அங்கேதான் ஆசை, ஆனால் மார்க் கொஞ்சம் குறைகிறது என்றேன். அந்தப் பள்ளியின் நிர்வாகத்தில் அவர் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். "நம்ம ஸ்கூல்தானே, பார்த்துக்கலாம்" என்றார். போனை வைப்பதற்கு முன்னால், "மாமல்லபுரம் பக்கம் இன்ஸ்பெக்ஷன் வர்றீங்கன்னு கேள்விப்பட்டேன். ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதானே மேடம்" என்றார். இரண்டையும் அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. நானும் அவற்றைச் சேர்த்துப் பார்க்காத மாதிரியே இருந்துகொண்டேன்.

நீ இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாய். ஆமாம். உன்னை இன்டர்வியூவில் பேசவைத்துப் பார்த்துவிட்டு எடுத்தார்கள் என்று நீ இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த இன்டர்வியூவுக்கு முன்பே அந்த டாக்டரின் சிபாரிசுக் கடிதம் உள்ளே போயிருந்தது. அந்தக் கடிதத்தை என் கைப்பையில் வைத்துக் கொண்டுபோய் நான்தான் கொடுத்தேன். நீ நன்றாகப் பேசியிருப்பாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்தப் பேச்சுக்காகவே சீட்டு கிடைத்திருக்குமா என்பது உனக்குத் தெரியாமலேயே போய்விட்டது, அதைக் கெடுத்தவளும் நான்தான். உன் அப்பாவிடமும் சொல்லவில்லை. அவர் போகிற வரைக்கும், "எம்புள்ள வாயாலயே சீட்டு வாங்கிட்டான்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சோதனைக்குப் போனோம். அதிகாரி ஜீப்பில் முன்னால் உட்கார்ந்திருந்தார், நான் பின்னால் கோப்போடு. அளக்கிற டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன், இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் கிருபா சிஸ்டரே பிடித்தார். அறை அகலத்தில் அரை அடி குறைந்தது. காத்திருக்கத் தனி இடம் இல்லை, சந்தில் ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். சாய்தளம் இல்லை. டாக்டர் இல்லாத நாளில் சிஸ்டர் மட்டும் கட்டுப் போடுகிறார். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். சிஸ்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். உன் தாடை எப்படி இருக்கிறது என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்று கோப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ரூம் சின்னதுதான் மேடம். நான் இல்லன்னு சொல்லல. ஒரு மாசம் டைம் குடுத்தீங்கன்னா பக்கத்து செவுத்த இடிச்சுகினு அந்தாண்ட வூட்டையும் சேத்துக்கலாம்னு வூட்டுக்காரர் சொல்றாரு" என்றார்.

அவர் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. குறையைச் சரிசெய்ய அவகாசம் கொடுக்க விதியிலேயே இடம் இருந்தது. எத்தனையோ இடங்களுக்குக் கொடுத்திருக்கிறோம். அந்த நான்கு மாடி மருத்துவமனைக்கே இரண்டு முறை கொடுத்திருக்கிறோம். ஆனால் குறிப்பு எழுதுவது நான்தான், அதிகாரி கையெழுத்துப் போடுபவர். அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்து, ‘இந்நிறுவனத்துக்கு ஏற்கெனவே இருமுறை வாய்மொழியாக அறிவுறுத்தப்பட்டும் குறைகள் களையப்படவில்லை, எனவே மேலும் அவகாசம் அளிக்கத் தேவையில்லை’ என்று எழுதினேன். யாரும் ஒருமுறைகூட அறிவுறுத்தவில்லை, தினேஷ். அந்தச் சந்துக்குள் எங்கள் அலுவலகத்து ஆள் அதற்கு முன்பு போனதேயில்லை, உன் தாடைக்காக நான் போனதைத் தவிர. அது முழுப் பொய். மூன்றாவது வரியில் ஒரு எழுத்துப் பிழையைக்கூடக் கவனித்துத் திருத்தினேன்.

சீல் வைக்கப் போன நாள் காலையில் பெஞ்சில் ஏழுமலை என்கிற சிற்பி உட்கார்ந்திருந்தார். சர்க்கரை நோய்க்காரர். வலது பாதத்தில் புண். ஒருநாள் விட்டு ஒருநாள் சிஸ்டர்தான் அதைக் கழுவிக் கட்டுவார். அன்று பாதி பிரித்த நிலையில் நாங்கள் போய் நின்றோம். "இவருக்கு மட்டும் கட்டி முடிச்சிடறேன் மேடம், பத்து நிமிஷம்" என்றார் சிஸ்டர். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்தப் பத்து நிமிடம் கொடுத்ததை ரொம்ப நாள் என் நல்ல மனசுக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டிருந்தேன். கட்டி முடித்ததும் சிஸ்டர் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். கதவைப் பூட்டி, பூட்டின் மேல் துணி சுற்றி, அரக்கு உருக்கி ஊற்றி, உத்தரவின் நகலைக் கதவில் ஒட்டினோம். என் பொய் வரி அந்த நகலில் முத்திரையோடு இருந்தது. ஏழுமலை நொண்டிக்கொண்டே வந்து, "நாளானிக்கி கட்டுப் பிரிக்கணுமே, எங்க வர்றது?" என்று பொதுவாகக் கேட்டார். நாங்கள் ஜீப் ஏறிவிட்டோம்.

அதற்கு அடுத்த வாரம் உனக்கு அட்மிஷன். புதுச் சீருடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று சிரித்தாய். நானும் சிரித்தேன். பணமாக ஒரு பைசா வாங்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைதான். பணமாக வாங்கவில்லை.

ஏழுமலைக்கு நடந்தது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவருடைய மனு என் மேஜைக்கே வந்தது. கிளினிக்கைத் திறந்துவிடச் சொல்லி எழுதியிருந்தார்கள், அவர் கையெழுத்து முதலாவது. பக்கத்தில் இருந்த அரசு ஆஸ்பத்திரியில், இந்தப் புண்ணைச் செங்கல்பட்டில் காட்டுவதுதான் நல்லது என்று எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னதும் சரிதான். ஆனால் அதற்கு இரண்டு பஸ், வரிசை, ஒரு நாள் வேலை போய்விடும். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டியது வாரம் ஒருமுறை ஆயிற்று. அந்த மனுவில் இருந்த ஒரு வரி எனக்கு இன்னும் மனப்பாடம்: ‘அந்த ரூமில் என்ன குறை என்று எங்களுக்கும் தெரியும். தெரிந்தேதான் போனோம்.’ அதன் மேல் ‘கோப்பில் வைக்கவும்’ என்று எழுதி, கோப்பில் வைத்தேன்.

பிறகு ஊரடங்கு வந்தது, பஸ் நின்றது. அதற்குப் பின் நடந்ததை ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற எங்கள் துறை ஆட்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். வீட்டிலேயே அவர் மனைவி துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டியிருக்கிறாள். விரல் கறுத்து, காய்ச்சல் வந்து, ஆம்புலன்ஸில் கொண்டுபோனபோது முழங்காலுக்குக் கீழே எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்ற நிலை. அரசு ஆஸ்பத்திரி டாக்டர்கள்தான் எடுத்தார்கள், அவர்கள்தான் உயிரைக் காப்பாற்றினார்கள், ஒரு காசு செலவில்லாமல். அதையும் சொல்லிவிட வேண்டும். அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களிடம் போக வேண்டிய நிலைக்கு அந்த ஆளைத் தள்ளியவள் நான்.

ஊரடங்கு முடிந்து, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் ஒருநாள் அவரைப் பார்த்தேன். இரண்டு கக்கத்திலும் கட்டை. பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்ள நினைத்தேன், அவர் பார்த்துவிட்டார்.

"மேடம், நல்லா கீறீங்களா?"

கால் எப்போது எடுத்தது என்று கேட்டேன், எனக்குத் தெரியாததுபோல.

"அது ஆச்சு மேடம், ஆறு மாசம். கீய உக்கார முடியல, அதான் பேஜாரு. நின்னுகினு உளி புடிக்க வரல. பாலிஷ் வேல மட்டும் செய்யறேன்." பிறகு அவரே சொன்னார்: "உங்களச் சொல்லிக் குத்தம் இல்ல. நீங்க முன்னாடியே ரெண்டு வாட்டி சொல்லி வச்சிருந்தீங்களாமே. கதவுல ஒட்டியிருந்த பேப்பர்ல போட்டிருந்துச்சு. அந்தம்மாதான் அஜாக்கிரதையா வுட்டுடுச்சு. எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே செவுத்த இடிச்சுக் குடுத்திருப்போமே. அதான் அதுங்கூட பேசறதே இல்ல."

ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பஸ் வந்துவிட்டது என்று சொன்னேன். அது என் பஸ் இல்லை. ஏறிவிட்டேன். ராட்டிணக்கிணறு ஸ்டாப் தாண்டி இறங்கி, வீட்டுக்குத் திரும்பி நடந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த காரியங்களிலேயே கேவலமானது எது என்று கேட்டால், அந்தப் பொய்யை எழுதியது இல்லை, தினேஷ். அந்த பஸ்ஸில் ஏறியதுதான்.

இப்போது உன் வரைவுக்கு வருகிறேன். நீ சிரிப்பாய், அம்மா தன் குற்றத்துக்குச் சட்டத்தைப் பழி சொல்கிறாள் என்று. இல்லை. குற்றம் என்னுடையது, அதில் யாருக்கும் பங்கு தர மாட்டேன். ஆனால் அந்தக் குற்றத்தைச் செய்ய எனக்கு ஒரு கருவி கிடைத்தது. அது அந்தப் படிவம். நான்கு மாடிக்காரரிடம் அந்தப் படிவத்தை நிரப்பச் சம்பளத்துக்கு ஆள் இருந்தது. சிஸ்டரிடம் இருந்தது கத்தரிக்கோலும் பஞ்சும். விதி கடுமையானால் பெரிய ஆள் பயப்படுவார் என்று நீ நினைக்கிறாய். எனக்குத் தெரிந்து பெரிய ஆள் பயப்பட்டதில்லை. விதியைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்ததே அவர்தான். அன்று நான் கேட்ட அந்த ஒரு கேள்விக்கே, கார்ப்பரேட்காரன் மாதிரி பேசுகிறாய் என்றாய். விதி வேண்டும் என்று என்னிடம் கேட்டு வந்தவர் அந்த முதலாளி ஒருவர்தான். வேண்டாம், எங்களை விடுங்கள் என்று கேட்டவர்கள் கல் செதுக்குகிறவர்கள்.

போலி டாக்டர் வந்தால் என்ன செய்வாய் என்று கேட்பாய். மதுராந்தகம் பக்கம் ஒருத்தன் படிக்காமலேயே டாக்டர் என்று போர்டு போட்டுக்கொண்டு ஊசி போட்டான். ஒரு குழந்தை கண் போகிற நிலைக்கு வந்தது. அவனைப் பிடித்துக் கொடுத்ததில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. அவன் செய்தது ஏமாற்று. யார் ஏமாற்றுகிறானோ, யார் ஆளைக் கெடுக்கிறானோ அவனைப் பிடி, சிறையில் போடு. அதற்கு அரசாங்கம் வேண்டும். கிருபா சிஸ்டர் யாரையும் ஏமாற்றவில்லை. சின்ன அறையைப் பெரிய அறை என்று சொல்லவில்லை. டாக்டர் இல்லாத நாளில் இருக்கிறார் என்று சொல்லவில்லை. அவருக்கும் அவனுக்கும் ஒரே படிவத்தை நீட்டுகிற சட்டத்துக்கு வித்தியாசம் பார்க்கக் கண் இல்லை. உனக்குக் குறை தெரிந்தால் அதை எழுதி வாசலில் ஒட்டு. அறை சின்னது, இந்த நாட்களில் டாக்டர் இல்லை என்று பெரிய எழுத்தில் ஒட்டு. படித்துவிட்டு உள்ளே போகிறவனும் திரும்பிப் போகிறவனும் அவனவன் முடிவு. அரசு ஆஸ்பத்திரியும் இருக்கட்டும், நன்றாக இருக்கட்டும். ஆனால் மற்றதையெல்லாம் மூடிவிட்டு அங்கே வரச் சொல்லாதே. தானாக வரும்படி வைத்துக்கொள்.

இன்னொன்று. தவறாகத் தேர்ந்தெடுத்த நோயாளி அதன் பலனைத் தானே அனுபவிப்பான், அதனால் யோசிப்பான். நான் எழுதிய குறிப்பின் பலன் எதுவும் எனக்கு வரவில்லை. ஏழுமலையின் கால் போன மாதமும் என் சம்பளம் வந்தது. இன்றைக்குப் பென்ஷன் வருகிறது. இப்படி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அடுத்தவன் உடம்புக்கு எது நல்லது என்று தீர்மானிக்கிற உரிமையை, நல்லவர்களுக்குக்கூடக் கொடுக்கக்கூடாது என்று இப்போது நினைக்கிறேன். என்னை எல்லாரும் நல்லவள் என்றுதான் சொன்னார்கள்.

நீ போன மறுநாள் கிருபா சிஸ்டரைத் தேடிப் போனேன். ஊரை விட்டு வந்து ஐந்தாறு வருடமாகிறதாம். படூரில் ஒரு அபார்ட்மென்டில், படுக்கையில் இருக்கும் ஒரு வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார். அந்த வீட்டார் இருவரும் சிறுசேரியில் வேலை. கீழே கார் நிறுத்துகிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பொய் வரி, போன், பள்ளிக்கூடம், எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும் மேடம்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அந்த ஸ்கூல்ல ஆயா வேல செய்யறது எங்க சித்தி பொண்ணு. டாக்டரு லெட்டர எடுத்துகினு புள்ளயோட நீங்க வந்தன்னிக்கே எங்கிட்ட சொல்லிடுச்சு."

"அப்ப ஏன் சிஸ்டர் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னேனே. ஆபீஸ்லேந்து முன்னாடி யாரும் சொல்லல, யாரும் வரலன்னு ஊர் பூரா சொன்னேன். கதவுல சீலு போட்ட பேப்பர் ஒட்டிக் கெடக்குது. எம்பேச்ச யாரு நம்புவா? எல்லாரும் சேந்து நடத்துனத நான் வாரிக் குடுத்துட்டேன்னு ஏசுனாங்க. இருக்க முடியல. வந்துட்டேன்." பிறகு, "உங்க புள்ள இப்ப இன்னா பண்றான்?" என்றார்.

சொன்னேன். உன் புது வேலையைப் பற்றித்தான்.

"அவனுக்கு இதெல்லாம் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப எங்கிட்ட வந்து சொல்லி இன்னாத்துக்கு மேடம்? எனக்குத்தான் ஏற்கனவே தெரியுமே. தெரியாதவங்க கிட்ட போய்ச் சொல்லுங்க."

மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் எழுந்துவிட்டார். மேலே அந்த அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கிற நேரம், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்றார். லிப்ட் கதவு மூடுகிற வரைக்கும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். கோபமாகவும் பார்க்கவில்லை, இரக்கமாகவும் பார்க்கவில்லை. கட்டுப் போடுவதற்கு முன்னால் ஒரு புண்ணைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

தெரியாதவர்களில் முதல் ஆள் நீ. அடுத்தது ஏழுமலை. அவருக்குப் பின்னால் அந்தச் சந்து முழுக்க.

அதனால் இரண்டு காரியம் செய்யப் போகிறேன். அந்தக் குறிப்பில் இருப்பது பொய், எழுதியது நான், யாருக்காக எழுதினேன், அதற்கு என்ன பெற்றேன் என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு பிரதியை அலுவலகத்தில் கொடுப்பேன். இன்னொன்றைச் செவ்வாய்க்கிழமை காலை மாமல்லபுரத்துக்குக் கொண்டுபோய், பட்டறை திறந்து எல்லாரும் வந்த பிறகு, ஏழுமலை முன்னால் நின்று நானே வாய்விட்டுப் படிப்பேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். இந்தத் தடவை பஸ் வந்தால் ஏற மாட்டேன்.

என் பென்ஷனில் கை வைப்பார்கள். அது பரவாயில்லை. உன் பள்ளிக்கூடத்தின் பெயரும் அந்தத் தாளில் இருக்கிறது, உன் பெயரும் இருக்கிறது. உங்கள் குழுவில் உன்னைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். வேலையே போனாலும் போகலாம். உனக்கு எதுவும் தெரியாது என்று தெளிவாக எழுதியிருக்கிறேன், ஆனாலும் மனிதர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. நீ செய்யாத தப்புக்கு நீ தலைகுனிய வேண்டிவரும். நான்கு தாளையும் கிழித்தது இந்த இடத்துக்கு வந்த பிறகுதான்.

இந்தக் கடிதம் உன் கைக்குத் திங்கட்கிழமை வந்துவிடும். வேண்டாம்மா என்று நீ சொன்னால் என்னால் நிறுத்திக்கொள்ள முடியும் என்பது எனக்குத் தெரியும், அதனால் போனை அணைத்து வைக்கிறேன். புதன்கிழமை மறுபடி போடுகிறேன். அப்போது நீ என்ன கேட்டாலும் நடுவில் நிறுத்தாமல் பதில் சொல்கிறேன்.

அம்மா